கண்ணுக்குத் தெரியாத பாலம்! கட்டியவர் போன பிறகு காப்பவர் யார்?

தேனி ஜில்லாவில் ஒரு கிராமம். அங்கே ஒரு பாட்டி. வயது எழுபது என்று வைத்துக்கொள்வோம். கொஞ்ச நாளாகக் கண்ணில் புகை மூட்டினாற்போல் இருக்கிறது. அரிசியில் கல் பொறுக்க முடியவில்லை. பேரன் முகம் கலங்கித் தெரிகிறது.

"வா ஆத்தா, தேனிக்குப் போய்க் காட்டிவிட்டு வருவோம்" என்கிறான் மகன்.

போவது அவ்வளவு லேசா? பஸ்ஸுக்குப் பணம் வேண்டும். துணைக்கு மகன் வர வேண்டும். அவன் வந்தால் அன்றைய கூலி போய்விடும். ஆஸ்பத்திரியில் கூட்டம் இருந்தால் பொழுது சாய்ந்துவிடும். "அடுத்த மாசம் பார்த்துக்கலாம்டா" என்று பாட்டி தள்ளிப்போடுகிறாள். அடுத்த மாதம் வரும். அதற்கடுத்த மாதமும் வரும். கண்ணில் வந்த கோளாறு மட்டும் காத்திருக்காது.

இந்தப் பாட்டி கற்பனைதான். ஆனால் இவளைப் போன்றவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். உங்கள் வீட்டிலேயே இருக்கலாம்.

பாட்டி தொலைதூரம் போகாமலே தேனியில் இருக்கும் டாக்டரிடம் பேச முடிந்தால்? அவள் கண்ணின் படத்தை டாக்டர் அங்கிருந்தே பார்க்க முடிந்தால்? நினைத்துப் பார்க்க ஆசையாக இருக்கிறது அல்லவா? சுமார் 20 ஆண்டுகளுக்கு முன்பே இது தேனிச் சீமையில் நடந்தது. எப்படி நடந்தது? அதிலிருந்து இன்று நாடு கற்றுக்கொள்ள வேண்டியது என்ன? அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

இரண்டு கரை, ஒரு பாலம்

ஓர் ஆபீஸில் பத்து கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. அவற்றைக் கம்பியால் ஒன்றோடு ஒன்று இணைத்திருக்கிறார்கள். ஒன்றில் எழுதியதை மற்றொன்றில் படிக்கலாம். இப்படி இணைக்கப்பட்ட கூட்டத்துக்கு "நெட்வொர்க்" என்று பெயர். தமிழில் வலையமைப்பு என்பார்கள்.

இன்னோர் ஊரில் இதே போல் மற்றொரு கூட்டம் இருக்கிறது. இரண்டும் தனித்தனி. ஆற்றின் அக்கரையில் ஒரு தெரு, இக்கரையில் ஒரு தெரு என்பதுபோல. தெருவுக்குள் நடக்கலாம். ஆற்றைத் தாண்ட முடியாது.

நடுவே ஒரு பாலம் போட்டால்? இரண்டு தெருவும் ஒரே தெருவாகிவிடும். கம்ப்யூட்டர் என்ஜினீயர்களும் இதைப் பாலம் என்றுதான் சொல்கிறார்கள். பாலம் போட்ட பிறகு, தேனியில் உள்ள கம்ப்யூட்டருக்குப் போடிநாயக்கனூரில் உள்ள கம்ப்யூட்டர் அடுத்த அறையில் இருப்பதுபோலத் தோன்றும்.

பாலம் வந்தால் நல்லதும் வரும், கெட்டதும் வரும். ஒரு கரையில் உள்ள கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்தால் மறு கரைக்கும் அது நடந்து போகலாம். இந்தப் பக்கத்து வீண் இரைச்சல் அந்தப் பக்கமும் போய் நெரிசல் உண்டாக்கலாம். ஆகையால் பாலத்தின் வாயிலில் ஒரு காவல்காரனை நிறுத்துவார்கள். யாரை விடுவது, யாரைத் தடுப்பது என்று பார்க்கும் அந்தக் கருவிக்கு "ரூட்டர்" என்று பெயர்.

கம்பியா, காற்றா?

பாலத்தை எதனால் கட்டுவது? இரண்டு வழி உண்டு.

ஒன்று, கண்ணாடி இழை. தலைமயிர் போல் மெல்லிய கண்ணாடி நூலுக்குள் வெளிச்சத்தை அனுப்புவார்கள். அந்த வெளிச்சம் விட்டு விட்டு மின்னும். அந்த மின்னலில்தான் செய்தி இருக்கிறது. இதைவிட வேகமான வழி இல்லை. ஆனால் வழி நெடுகப் பள்ளம் தோண்ட வேண்டும். அல்லது கம்பத்துக்குக் கம்பம் கட்டிக்கொண்டு போக வேண்டும். மலையும் காடும் குறுக்கிட்டால் செலவு ஏறிவிடும். சாலை போட வந்த எந்திரம் ஓர் இடத்தில் வெட்டிவிட்டால் அத்தனையும் நின்றுவிடும்.

மற்றொன்று, காற்று வழி. அதாவது ரேடியோ அலை.

வீட்டில் உபயோகிக்கும் வை-பையும் ரேடியோ அலைதான். ஆனால் அது நாலு பக்கமும் பரவுகிறது. அதனால் நூறு மீட்டர் போவதற்குள் களைத்துவிடுகிறது. கூடத்தில் எரியும் விளக்கு கூடம் முழுவதும் ஒளி கொடுக்கும். வயல் வரப்பில் நிற்பவனுக்குப் பயன்படாது. அதே வெளிச்சத்தை டார்ச் விளக்கில் அடைத்து ஒரே பக்கமாக அடித்தால்? வெகு தூரம் போகும்.

இந்தத் தந்திரத்தைத்தான் ரேடியோ அலையிலும் செய்கிறார்கள். ஒரு கோபுரத்தின் மேல் வளைந்த டிஷ் ஒன்றை வைப்பார்கள். எதிர் ஊர்க் கோபுரத்தில் இன்னொரு டிஷ். இரண்டும் ஒன்றை ஒன்று முகத்துக்கு முகம் பார்க்க வேண்டும். அவ்வளவுதான், பாலம் தயார். சாமானிய வை-பை கருவியின் குரல் 10, 15 கிலோமீட்டருக்கு அப்பால் கேட்கும்.

ஒரு நிபந்தனை உண்டு. நடுவில் எதுவும் மறைக்கக் கூடாது. கோடு போட்டாற்போல் ஒரு சந்து மட்டும் தெரிந்தால் போதாது. 15 கிலோமீட்டர் பாலத்துக்கு, நடுவழியில் அந்தக் கோட்டைச் சுற்றி எல்லாப் பக்கமும் பத்துப் பதினைந்து மீட்டராவது வெற்றிடமாக இருக்க வேண்டும். இன்று குட்டையாக நிற்கும் தென்னை ஐந்து வருஷத்தில் வளர்ந்து குறுக்கே வந்துவிடும். அதையும் முன்கூட்டியே யோசிக்க வேண்டும்.

ஒரு சட்டம் திறந்த கதவு

ரேடியோ அலையை யார் வேண்டுமானாலும் வெளியில் விடலாமா? முன்பு விட முடியாது. சர்க்காரிடம் லைசென்ஸ் வாங்க வேண்டும். 2005 ஜனவரியில் இந்திய சர்க்கார் ஒரு விதியை மாற்றியது. வை-பை உபயோகிக்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைக் கட்டடத்துக்கு வெளியிலும் லைசென்ஸ் இல்லாமல் உபயோகிக்கலாம் என்றது. சக்திக்கு மட்டும் ஒரு வரம்பு வைத்தது. 2018-ல் 5 கிகாஹெர்ட்ஸ் பக்கத்திலும் இப்படி நிறைய இடம் திறந்துவிடப்பட்டது.

ஒரு காகித உத்தரவு. அதனால் கிராமத்துப் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் தாங்களே பாலம் போட்டுக்கொள்ளலாம் என்றாயிற்று.

தேனியில் நடந்தது என்ன?

மதுரையில் டாக்டர் ஜி.வெங்கடசாமி என்ற கண் மருத்துவர் இருந்தார். சர்க்கார் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, 1976-ல், 11 படுக்கைகளுடன் ஒரு சிறு கண் ஆஸ்பத்திரி தொடங்கினார். அதுதான் அரவிந்த் கண் ஆஸ்பத்திரி. பின்னால் அது வளர்ந்து பல ஊர்களுக்குப் பரவியது. தேனியிலும் ஒரு கிளை வந்தது.

நோயாளி ஆஸ்பத்திரியைத் தேடி வருவதற்குப் பதிலாக, ஆஸ்பத்திரி நோயாளியைத் தேடிப் போகக் கூடாதா என்று அவர்கள் யோசித்தார்கள். ஊருக்கு ஊர் கண் டாக்டரை உட்காரவைக்க முடியாது. அத்தனை டாக்டர்கள் இல்லை. ஆகவே "பார்வை மையம்" என்ற சிறு நிலையங்களைத் திறந்தார்கள். அங்கே டாக்டர் இல்லை. கண் பரிசோதனையில் பயிற்சி பெற்ற பெண் ஒருவர் இருப்பார். இவர்களில் பெரும்பாலோர் கிராமத்துப் பெண்கள். இரண்டு ஆண்டு பயிற்சி பெற்றவர்கள்.

அந்தப் பெண் நோயாளியின் கண்ணைச் சோதிப்பார். கருவியில் காமிராவைப் பொருத்திப் படம் எடுப்பார். படம் கம்ப்யூட்டர் வழியாகத் தேனிக்குப் போகும். தேனியில் டாக்டர் படத்தைப் பார்ப்பார். பிறகு திரையில் தோன்றி, "எத்தனை நாளாக இப்படி இருக்கிறது, பாட்டி?" என்று நேரில் கேட்பதுபோலக் கேட்பார். கண்ணாடி போட்டால் தீருமா, மருந்து போதுமா, ஆபரேஷன் வேண்டுமா என்று சொல்லிவிடுவார். ஆபரேஷன் வேண்டியவர்கள் மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போனால் போதும்.

இதற்கு நல்ல பாலம் வேண்டும். படமும் குரலும் தடையில்லாமல் போக வேண்டும். அன்று கிராமத்தில் இருந்த டெலிபோன் கம்பிக்கு அந்தச் சக்தி இல்லை.

அமெரிக்காவில் பெர்க்லி நகரில் உள்ள கலிபோர்னியா சர்வகலாசாலையைச் சேர்ந்த பேராசிரியர் எரிக் புரூவரின் குழு உதவிக்கு வந்தது. அவர்கள் விலை உயர்ந்த எந்திரம் எதையும் கொண்டுவரவில்லை. சாதாரண வை-பை அட்டை, சிறிய ரூட்டர், டிஷ், கோபுரம், இவ்வளவுதான். போடிநாயக்கனூர், சின்னமனூர், ஆண்டிப்பட்டி, பெரியகுளம் போன்ற ஊர்களின் பார்வை மையங்கள் தேனியோடு பிணைக்கப்பட்டன. 2006-ல் இந்தச் செய்தி உலகத்துக்குத் தெரிந்தது. ஆயிரக்கணக்கான நோயாளிகள் இந்தப் பாலத்தின் வழியாக டாக்டரைப் பார்த்தார்கள்.

இன்று அரவிந்த் ஆஸ்பத்திரிக்கு 100-க்கும் மேற்பட்ட பார்வை மையங்கள் உள்ளன. அன்று தேனியில் போட்ட விதைகளில் இதுவும் ஒன்று.

ஒப்புகைச் சீட்டு வரவில்லையே!

டிஷ்ஷை எதிர் எதிராக வைத்ததும் எல்லாம் சரியாகிவிடவில்லை. வேடிக்கையான ஒரு சிக்கல் வந்தது.

ரிஜிஸ்டர் தபால் அனுப்பினால் ஒப்புகைச் சீட்டு திரும்பி வரும் அல்லவா? வை-பையும் அப்படித்தான். ஒரு துண்டுச் செய்தியை அனுப்பும். "கிடைத்தது" என்ற பதிலுக்குக் காத்திருக்கும். பதில் வரவில்லை என்றால் மறுபடியும் அனுப்பும்.

வை-பை வீட்டுக்குள் உபயோகிக்கப் பிறந்தது. அதற்குப் பொறுமை குறைவு. 15 கிலோமீட்டர் போய்த் திரும்ப ரேடியோ அலைக்கு ஒரு விநாடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரம் ஆகும். நமக்கு அது நேரமே இல்லை. வை-பைக்கோ அது ஒரு யுகம்! பதில் வழியில் வந்துகொண்டிருக்கும்போதே, "தொலைந்துவிட்டது" என்று முடிவு கட்டி மறுபடியும் அனுப்பும். ஒரே கடிதம் திரும்பத் திரும்பப் போகும். வேகம் படுத்துவிடும்.

இன்னொன்றும் உண்டு. ஒரே கோபுரத்தில் இரண்டு டிஷ் இருந்தால், ஒன்று பேசும்போது பக்கத்தில் உள்ளதற்குக் காது அடைத்துவிடும்.

என்ஜினீயர்கள் என்ன செய்தார்கள்? ஒரே உரலில் இரண்டு பெண்கள் நெல் குத்துவதைப் பார்த்திருக்கிறீர்களா? ஓர் உலக்கை எழும்போது மற்றொன்று விழும். இரண்டும் மோதுவதே இல்லை. முறை வைத்துக் குத்துகிறார்கள். அதே போல் இரண்டு கோபுரமும் முறை வைத்துப் பேசும்படி செய்தார்கள். இந்தக் கோபுரத்தின் டிஷ்கள் எல்லாம் ஒரே சமயத்தில் பேசும். பிறகு ஒரே சமயத்தில் கேட்கும். துண்டுக்குத் துண்டு ஒப்புகை கேட்பதையும் விட்டு, மொத்தமாகச் சேர்த்துக் கேட்கச் செய்தார்கள். வேகம் இரண்டு முதல் ஐந்து மடங்கு வரை கூடியது. கருவி அதேதான். நடைமுறையைத்தான் மாற்றினார்கள்.

382 கிலோமீட்டர் தாண்டிய குரல்

இந்தப் பாலம் எவ்வளவு நீளம் போகும்?

தென் அமெரிக்காவில் வெனிசுலா என்று ஒரு நாடு. அங்கே எர்மான்னோ பியெத்ரோசெமோலி என்ற பேராசிரியர் 2006-ல் இரு மலைச் சிகரங்களுக்கு நடுவே 279 கிலோமீட்டர் வை-பை பாலம் போட்டார். 2007-ல் அது 382 கிலோமீட்டராயிற்று. சென்னையிலிருந்து திண்டுக்கல்லுக்கு நேர்க்கோடு போட்டால் ஏறக்குறைய அவ்வளவு தூரம்! பூமி உருண்டை ஆதலால் இவ்வளவு தூரத்துக்கு அலை தரையில் இடித்துவிடும். உயர்ந்த சிகரங்கள் இருந்ததால் சாத்தியமாயிற்று. அந்தச் சோதனையில் பெர்க்லி குழுவின் முறையும் உபயோகப்பட்டது.

நேபாளத்தில் மகாவீர் புன் என்ற ஆசிரியர் இன்னோர் அதிசயம் செய்தார். அவருடைய ஊர் நாங்கி என்ற மலைக் கிராமம். அங்கிருந்து பொக்காரா நகரம் வரை வை-பை பாலங்களைத் தொடுத்தார். கோபுரம் கட்டப் பணமில்லாத இடத்தில் மரத்தின் உச்சியில் கருவியைக் கட்டினார். கிராமத்துப் பிள்ளைகளையே பழக்கினார். நகரத்து டாக்டருடன் கிராமத்தார் பேசினார்கள். 2007-ல் அவருக்கு ராமன் மகசேசே பரிசு கிடைத்தது.

ஆக, பாலம் போடும் வித்தை இந்த உலகத்துக்குத் தெரியும். பணமும் அப்படி ஒன்றும் மலைக்கும்படி இல்லை. பிறகு ஏன் எல்லாக் கிராமத்திலும் இது இல்லை? இங்கேதான் விஷயம் இருக்கிறது.

எதிரி எங்கே ஒளிந்திருந்தான்?

தேனியில் பாலம் கெட்டபோதெல்லாம் என்ஜினீயர்கள் காரணத்தைத் தேடினார்கள். அலையில் கோளாறா? டிஷ் திரும்பிவிட்டதா? பெரும்பாலும் அதெல்லாம் இல்லை. குற்றவாளி மின்சாரம்!

மின்சாரம் இல்லாமல் போவது எல்லாருக்கும் தெரிந்த தொல்லை. அதைவிட மோசமான தொல்லை, மின்சாரம் தாறுமாறாக வருவது. 230 வோல்ட் வர வேண்டிய கம்பியில் திடீரென்று ஒரு கணம் பல நூறு வோல்ட் கூடுதலாகப் பாயும். ரூட்டர் பொசுங்கிவிடும். சில சமயம் வோல்ட் மிகவும் இறங்கிவிடும். கருவி சாகவும் சாகாது, பிழைக்கவும் பிழைக்காது. அரைகுறை உயிரோடு தொங்கும். எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் அறுந்தால் அதன் நினைவுத் தகடு குழம்பிப் போகும். அப்புறம் எத்தனை தரம் சுவிட்சைப் போட்டாலும் எழுந்திருக்காது. மழைக் காலத்தில் இடியும் மின்னலும் வேறு.

அந்தக் குழுவினர் 2008-ல் தங்கள் அனுபவத்தை எழுதினார்கள். கிராமத்தில் இப்படிப்பட்ட வலையமைப்புகள் சாவதற்கு முக்கியக் காரணம் கெட்ட மின்சாரம் என்றார்கள். வோல்ட் இறங்கினால் தானே துண்டித்துக்கொண்டு, சரியானதும் தானே ஏற்றுக்கொள்ளும் மலிவான மின்சாரக் கருவிகளைத் தாங்களே செய்தார்கள்.

அவர்கள் மற்றொன்றையும் சொன்னார்கள். உள்ளூரில் பழுது பார்க்க ஆள் இல்லாவிட்டால் எந்தக் கருவியும் நிலைக்காது. "எங்கே கெட்டது?" என்று கண்டுபிடிக்கத் தெரியாமல், நன்றாக இருக்கும் கருவியைக் கழற்றிக் குளறுபடி செய்வதும் நடக்கும். ஒரு பிளக் கழன்றிருப்பதைப் பார்க்க நூறு மைலுக்கு அப்பாலிருந்து என்ஜினீயர் வர வேண்டுமென்றால், பாலம் இருந்து என்ன பயன்? ஆகவே தேனியில் ஆஸ்பத்திரி ஊழியர்களையும் உள்ளூர்த் தொழிலாளிகளையும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கினார்கள்.

மேலூர் சொன்ன பாடம்

தேனிக் கதையோடு சேர்த்துப் படிக்க வேண்டிய இன்னொரு கதை உண்டு. அதுவும் பக்கத்தில்தான், மதுரை ஜில்லாவின் மேலூர் தாலுகாவில் நடந்தது.

சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு "கார்டெக்ட்" என்ற கம்பியில்லாத் தொடர்பு முறையைக் கண்டுபிடித்தது. ஊர்க் கோபுரத்திலிருந்து கிராமத்து வீட்டுக்கு டெலிபோனும் இண்டர்நெட்டும் போகும். உள்நாட்டு மூளை, மலிவான விலை. 2001-ல் மேலூர்க் கிராமங்களில் இந்த முறையில் கம்ப்யூட்டர் மையங்கள் திறக்கப்பட்டன. வருமானச் சான்று, ஜாதிச் சான்று முதலியவற்றுக்குத் தாலுகா ஆபீஸுக்கு நடக்காமல் அங்கிருந்தே மனுப் போடலாம் என்றார்கள். ஜனங்கள் சந்தோஷமாக வந்தார்கள்.

முடிவு என்ன? 2005-க்குள் பாதிக்கு மேற்பட்ட மையங்கள் மூடப்பட்டன.

ஆராய்ச்சியாளர்கள் காரணத்தை ஆராய்ந்தார்கள். ஆர்வமுள்ள அதிகாரிகள் மாறிப் போனதும் சர்க்கார் சேவைகள் தேய்ந்தன. சேவை தேய்ந்ததும் கூட்டம் குறைந்தது. கூட்டம் குறைந்ததும் வருமானம் போயிற்று. மையம் நடத்தியவர் முன்பே கம்ப்யூட்டர் பயின்றவராக இருந்த இடத்தில் மையம் கூடுதல் நாள் தாக்குப்பிடித்தது.

தேனியில் பாலத்தின் மறு கரையில் தினமும் ஒரு டாக்டர் உட்கார்ந்திருந்தார். மேலூரில் அப்படி ஒருவர் தொடர்ந்து உட்காரவில்லை. அக்கரையில் ஆள் இல்லாத பாலத்தில் யார் நடப்பார்கள்?

இன்று என்ன நடக்கிறது?

இந்தப் பழைய கதையை இன்று ஏன் சொல்ல வேண்டும்? ஏனென்றால், இப்போது நாடு முழுவதும் பாலம் போடுகிறார்கள்.

நாட்டில் உள்ள சுமார் 2½ லட்சம் பஞ்சாயத்துகளையும் கண்ணாடி இழையால் இணைக்கும் திட்டத்துக்கு 2011-ல் மத்திய சர்க்கார் அனுமதி கொடுத்தது. 2015-ல் அதற்குப் "பாரத் நெட்" என்று பெயர் வந்தது. முதலில் இரண்டே ஆண்டில் முடியும் என்றார்கள். கெடு பல முறை தள்ளிப்போயிற்று. 2023 ஆகஸ்டில் திட்டத்தைத் திருத்தி, 1,39,579 கோடி ரூபாய்க்கு அனுமதி கொடுத்தார்கள். தமிழ்நாட்டில் இந்த வேலைக்காகவே "டான்பிநெட்" என்ற சர்க்கார் கம்பெனி இருக்கிறது. 12,500-க்கும் மேற்பட்ட ஊராட்சிகளை இணைப்பது அதன் பொறுப்பு. பெரும்பகுதி இழை மின்கம்பங்களின் மேலேயே கட்டப்படுகிறது.

பல பஞ்சாயத்துகளில் இழை வந்து சேர்ந்தது; ஆனால் உயிர் இல்லை. இழை அறுந்திருக்கும், அல்லது பெட்டிக்கு மின்சாரம் இருக்காது. "இணைக்கப்பட்ட பஞ்சாயத்து" என்று கணக்கில் மட்டும் இருக்கும். இந்த அனுபவத்துக்குப் பிறகுதான் 2023 திட்டத்தில் பத்து ஆண்டுப் பராமரிப்பும் சேர்க்கப்பட்டது. நல்ல மாறுதல். வரவேற்க வேண்டியதுதான்.

ஆனால் இன்னும் ஒரு தூரம் பாக்கி இருக்கிறது. இழை பஞ்சாயத்து ஆபீஸ் வரை வருகிறது. ஒரு பஞ்சாயத்தில் எத்தனை குக்கிராமங்கள்! மலைமேல் உள்ள பள்ளிக்கூடத்துக்கும், ஆற்றுக்கு அப்பால் உள்ள துணைச் சுகாதார நிலையத்துக்கும் யார் கொண்டுபோவது? அங்கேதான் தேனி டிஷ்ஷுக்கு வேலை இருக்கிறது. பஞ்சாயத்துக் கட்டடத்தின் மேல் ஒன்று, பள்ளிக்கூடத்துக் கூரையில் ஒன்று. நடுவில் மறைப்பு இல்லாவிட்டால் ஓரிரு நாளில் பாலம் போட்டுவிடலாம்.

"செயற்கைக் கோள் இருக்கிறதே, இதெல்லாம் எதற்கு?" என்று கேட்கலாம். அமெரிக்காவின் ஸ்டார்லிங்க் கம்பெனிக்கு 2025 ஜூனில் இந்தியா லைசென்ஸ் கொடுத்திருக்கிறது. அதுவும் ஒரு வழிதான். ஆனால் ஆகாயத்திலிருந்து வந்தாலும் தரையில் ஒரு தட்டு வேண்டும், ஒரு பெட்டி வேண்டும், மின்சாரம் வேண்டும். பெட்டி பொசுங்கினால் பார்க்க ஓர் ஆள் வேண்டும். கேள்வி மறுபடியும் அங்கேயே வந்து நிற்கிறது.

எதை எண்ண வேண்டும்?

இதுவரை நாம் எத்தனை ஊர் இணைக்கப்பட்டது என்று எண்ணினோம். இனி எத்தனை நாள் வேலை செய்தது என்று எண்ண வேண்டும். ஒரு மாதத்தில் 30 நாள் இருந்தால், 30 நாளும் பாலம் திறந்திருந்ததா? இந்தக் கணக்கைப் பஞ்சாயத்துப் பலகையில் எழுதிப் போட வேண்டும். படிக்கத் தெரிந்த எவரும் பார்த்துக் கேட்கட்டும்.

இரண்டாவது, மின்சாரம். ரூட்டருக்குக் கொடுக்கும் கவனத்தை அதன் பாட்டரிக்கும், மண்ணில் இறக்கும் எர்த் கம்பிக்கும், இடிதாங்கிக்கும் கொடுக்க வேண்டும். கருவி விலையில் கொஞ்சம் மிச்சம் பிடித்து, மாதாமாதம் புதுக் கருவி வாங்குவது சிக்கனம் ஆகாது.

மூன்றாவது, உள்ளூர் ஆள். பத்து ஊருக்கு இரண்டு பேர் போதும். பத்தாவது படித்த ஒரு பையன், ஒரு பெண். ஏணி, மீட்டர், மாற்றுக் கருவி ஒன்று, மாதச் சம்பளம். தேனிப் பார்வை மையத்தில் கண்ணையே சோதிக்கக் கற்றுக்கொண்டவர்கள் கிராமத்துப் பெண்கள்தானே! ஒரு பிளக்கைச் சோதிக்கக் கற்றுக்கொள்ள மாட்டார்களா?

நான்காவது, அக்கரையில் ஆள். டாக்டரோ, ஆசிரியரோ, தாசில்தார் ஆபீஸ் குமாஸ்தாவோ, யாராவது ஒருவர் குறித்த நேரத்தில் பதில் சொல்ல உட்கார்ந்திருக்க வேண்டும்.

இதெல்லாம் நமக்குப் புதிதல்ல. நம் முன்னோர் ஊர்தோறும் கண்மாய் வெட்டினார்கள். வெட்டிவிட்டுப் போய்விடவில்லை. வருஷா வருஷம் வரத்துக்கால் பார்த்தார்கள். கரையைப் பலப்படுத்தினார்கள். மடை திறக்க ஓர் ஆளை வைத்து, அறுவடையில் அவனுக்கு நெல் அளந்தார்கள். ஊரே சேர்ந்து செய்த அந்த வேலைக்குக் குடிமராமத்து என்று பெயர். அது இருந்த ஊரில் தண்ணீர் நின்றது. அது போன ஊரில் கண்மாய் கருவேலங்காடு ஆயிற்று.

ஆகாயத்தில் போடும் பாலத்துக்கும் குடிமராமத்து வேண்டும்.

பாட்டியை மறந்துவிடவில்லை. அவள் பார்வை மையத்து நாற்காலியில் வந்து உட்காருகிறாள். படம் எடுத்தாகிவிட்டது. திரையில் டாக்டர் முகம் தெரிய வேண்டும். அந்த நேரத்தில் பாலம் அறுந்திருந்தால் அவள் என்ன செய்வாள்? "அடுத்த மாசம் பார்த்துக்கலாம்" என்று எழுந்து போய்விடுவாள்.

அவள் எழுந்து போகாமல் பார்த்துக்கொள்ள, ஊரில் ஒருவர் ஏணியோடு தயாராக இருக்க வேண்டும்.